எட்டடி மீன்தொட்டி கட்டப் போகிறீர்களா? முதலில் உயரத்தைக் குறையுங்கள்

கேள்வி: வரவேற்பறையில் எட்டடி நீளம், மூன்றடி அகலம், நான்கடி உயரத்தில் ஒரு நன்னீர் மீன்தொட்டியை நானே கட்ட நினைக்கிறேன். 12 மி.மீ. கண்ணாடி போதுமா? எந்த சிலிக்கான் வாங்குவது? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

போதாது. நான்கடி உயரத்துக்கு 12 மி.மீ. கண்ணாடி ஆபத்து, அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். சிலிக்கானுக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும்: அந்த நான்கடி உயரம் எதற்காக? நீளமும் அகலமும் இருக்கட்டும், நல்ல அளவுகள்தான். உயரம்தான் இடிக்கிறது.

தண்ணீர் கண்ணாடியைத் தள்ளும் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. மேல்மட்டத்தில் ஒன்றுமில்லை, அடிமட்டத்தில் உச்சம். ஆழம் கூடும்போது அழுத்தமும் கூடுகிறது, அது தாக்கும் பரப்பும் கூடுகிறது. அதனால் ஒரு கண்ணாடி தாங்க வேண்டிய மொத்தச் சுமை உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். 2.4 மீட்டர் நீளமுள்ள முன்கண்ணாடியை 75 செ.மீ. உயரத் தண்ணீர் சுமார் 675 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ளும். அதே நீளத்தில் உயரம் 120 செ.மீ. ஆனால் அது ஏறத்தாழ 1,730 கிலோ. உயரத்தை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூட்டினீர்கள், சுமை இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. மீன்தொட்டிக் கண்ணாடிக்குப் பரவலாகப் பயன்படும் 3.8 என்ற பாதுகாப்பு விகிதத்தை (கண்ணாடி உடையும் வலுவில் 3.8-ல் ஒரு பங்குவரை மட்டுமே பாரம் ஏற்றுவது) வைத்துத் தடிமனைக் கணக்கிட்டால் 75 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 18 மி.மீ. வரும், எனவே 19 மி.மீ. கண்ணாடி. நான்கடிக்குப் போட்டுப் பார்த்தால் 33 மி.மீ. வருகிறது. அந்தத் தடிமனில் ஒற்றைக் கண்ணாடி வாங்குவதும் தூக்குவதும் வீட்டு வேலையே அல்ல.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. முன்கண்ணாடிக்குத் தொட்டியின் அகலம் தெரியாது. பின்னால் ஓரடி தண்ணீர் நின்றாலும் ஒரு கடலே நின்றாலும் அதன் மேல் விழும் சுமை ஒன்றுதான். ஆகவே உயரத்தில் விட்டதை அகலத்தில் பிடித்துக்கொள்ளலாம். 2.4 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 75 செ.மீ. உயரம் என்று வைத்தால் கொள்ளளவு 1,800 லிட்டர். நீங்கள் கேட்ட அளவில் 2,600 லிட்டர் வரும், உண்மைதான். ஆனால் மீன்கள் நீந்துவது பெரும்பாலும் குறுக்கும் நெடுக்குமாக. மேலும் கீழுமாக அல்ல. அகலமான தொட்டியில் பாறைகளையும் வேர்க்கட்டைகளையும் முன்னும் பின்னுமாக அடுக்க இடம் கிடைக்கும், பார்வைக்கும் அதுதான் அழகு. உயரமான ஒடுங்கிய தொட்டி, தண்ணீர் ஊற்றிய அலமாரி போல நிற்கும். இனி நான் சொல்வதெல்லாம் இந்த 1,800 லிட்டர் தொட்டியை மனதில் வைத்துத்தான்.

உயரத்துக்கு எதிராக இன்னொரு சாட்சி உங்கள் கை. தோளிலிருந்து விரல் நுனிவரை பலருக்கு 70 செ.மீ. சொச்சம்தான். என் முதல் பெரிய தொட்டி ஒரு மீட்டர் உயரம். அடியிலிருந்த குழாய் வாயில் ஒரு நத்தை ஓடு அடைத்துக்கொண்டபோது நீளமான இடுக்கி, வளைத்த கம்பி என்று ஒரு மாலை முழுக்கப் போராடினேன். கடைசியில் பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் அதை எடுக்க முடிந்தது. கை எட்டாத தொட்டியைச் சுத்தம் செய்ய மனம் வராது, சுத்தம் செய்யாத தொட்டி எத்தனை பெரிதாக இருந்தாலும் குட்டைதான். அதேபோலத் தொட்டிக்கு மேலே குறைந்தது 40 செ.மீ. வெற்றிடம் விடுங்கள். விளக்கை நகர்த்தவும் தலையையும் தோளையும் உள்ளே நீட்டவும் அது வேண்டும்.

இப்போது எடை. தண்ணீர் மட்டும் 1.8 டன். 19 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 47.5 கிலோ, ஐந்து பலகைகளும் சேர்ந்து 350 கிலோவைத் தாண்டும். மணல், பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 2.5 டன். இது 2.4 சதுர மீட்டர் பரப்பில் உட்காருகிறது, அதாவது சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கும் மேல். வீட்டு மாடித் தளங்களை வழக்கமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற அளவில்தான் வடிவமைக்கிறார்கள். 'பத்துப் பேர் கூடி நின்றால் தாங்குகிறதே' என்று சொல்வார்கள். அந்தப் பத்துப் பேர் பத்து வருடம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தரைத்தளத்தில், மண்ணின் மேல் நேரடியாகப் போட்ட கான்கிரீட் தளம் என்றால் பெரிய கவலை இல்லை. மாடி என்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வரைபடத்தையும் தளத்தையும் பார்த்துச் சொல்லாமல் ஒரு கண்ணாடிகூட வாங்காதீர்கள். இதில் அனுபவசாலிகள் சொல்லும் குத்துமதிப்பு எதற்கும் உதவாது, என்னுடையதும் சேர்த்துத்தான்.

ஸ்டாண்டு இரும்புச் சதுரக்குழாயிலோ கனமான மரச் சட்டங்களிலோ இருக்கலாம். முக்கியம், சுமை ஆணியிலும் திருகிலும் தொங்கக் கூடாது. மேல்சட்டம் நேராகக் கால்களின் தலையில் உட்கார வேண்டும். அதைவிட முக்கியம் மட்டம். இவ்வளவு நீளத்துக்குச் சின்ன ரசமட்டத்தை நம்ப வேண்டாம். தண்ணீர் நிரப்பிய நீளமான தெளிந்த பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளையும் இரண்டு கோடிகளில் பிடித்துப் பார்த்தால் மில்லிமீட்டர் வித்தியாசமும் தெரியும். சட்டத்தின் மேல் தடிமனான பிளைவுட், அதன் மேல் ஒரு அடர்த்தியான நுரைப் பலகை, அதன் மேல் அடிக்கண்ணாடி. நுரைப் பலகை ஒரு மணல் துகளையோ ஒரு திருகின் தலையையோ விழுங்கிக்கொள்ளும். கோணலான ஸ்டாண்டை அது நிமிர்த்தாது.

எந்தப் பொருளில் கட்டுவது? அக்ரிலிக் என்பது தெளிந்த பிளாஸ்டிக் பலகை. அதன் எடை கண்ணாடியின் எடையில் பாதிகூட இல்லை, எளிதில் உடையாது. ஆனால் பாசியைத் தேய்க்கும்போது ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், கீறல் விழும். அதை ஒட்டுவது பசை வேலை அல்ல, விளிம்புகளைக் கரைத்து ஒன்றாக்கும் வேலை. கை பழகாதவருக்கு முதல் முயற்சியில் சரியாக வருவது அபூர்வம். பிளைவுட்டில் பெட்டி கட்டி உள்ளே ஃபைபர் கிளாஸும் எபாக்சியும் பூசி, முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைப்பது இன்னொரு வழி. பத்தடியைத் தாண்டினால் நான் அதைத்தான் செய்வேன், செலவு வெகுவாகக் குறையும். அதில் மறக்கக் கூடாத ஒன்று: கண்ணாடியை உள்பக்கத்திலிருந்து சட்டத்தோடு சேர்த்து ஒட்ட வேண்டும். அப்போது தண்ணீரே கண்ணாடியை இணைப்போடு அழுத்திப் பிடிக்கும். வெளியிலிருந்து ஒட்டினால் அதே தண்ணீர் பிரித்தெடுக்கப் பார்க்கும். உங்கள் எட்டடிக்கு எல்லாப் பக்கமும் கண்ணாடியே போதும்.

கண்ணாடி வாங்கும்போது சாதாரண ஃப்ளோட் கண்ணாடியைக் கேளுங்கள். டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடி வலுவானதுதான். ஆனால் அதை அப்புறம் வெட்டவோ துளையிடவோ முடியாது, உடைந்தால் ஒரே நொடியில் மொத்தமும் பொடியாகிவிடும். சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் முதலில் விரிசல் காட்டும், வாளியைத் தேடவாவது நேரம் கிடைக்கும். எல்லா விளிம்புகளும் தீட்டப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பலகையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமாக இருந்தால் மட்டும் எடுங்கள். குழாய்க்கான துளைகளைக் கடையிலேயே போட்டு வாங்கிவிடுங்கள். துளைக்கும் விளிம்புக்கும் நடுவே குறைந்தது துளையின் விட்டம் அளவு இடம் வேண்டும். அப்புறம், வாசலை அளந்தீர்களா? ஒட்டி முடித்த தொட்டி 350 கிலோ. அது நிற்கப் போகும் இடத்திலேயே, ஸ்டாண்டின் மேலேயே ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

சிலிக்கானுக்கு வருவோம். நூறு சதவீத சிலிக்கான், வேறு மருந்து எதுவும் கலக்காதது. காயும்போது வினிகர் வாசம் வீசும் அசிட்டிக் வகை கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கும். குளியலறைக்கென்று விற்பதை, 'பூஞ்சை பிடிக்காது' என்று எழுதியிருப்பதைத் தொடாதீர்கள். பூஞ்சையைக் கொல்லக் கலந்தது மீனையும் விடாது. டியூபின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய சிலிக்கான் காயவே காயாது. ஒரு கண்ணாடித் துண்டில் கொஞ்சம் பிதுக்கி ஒரு நாள் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இணைப்பில் கண்ணாடியோடு கண்ணாடி முட்டக் கூடாது. நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். தண்ணீர் நிரம்பியதும் கண்ணாடி லேசாக வளையும், அந்த வளைவுக்கு ஈடுகொடுத்து நீள்வதற்குச் சிலிக்கானுக்குச் சதை வேண்டும். அழுத்திப் பிழிந்து தாள்போல ஆக்கிவிட்டால் கிழியும். தெளிந்த சிறு பிளாஸ்டிக் துண்டுகளை இடையில் வைத்துவிட்டால் இடைவெளி தானாகவே நிற்கும், அவற்றை உள்ளேயே விட்டுவிடலாம். ஒட்டும் இடங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ துடைத்தபின் விரல் படக் கூடாது.

சிலிக்கான் வைத்துப் பத்து நிமிடத்துக்குள் மேலே தோல் கட்டிவிடும். முன்கண்ணாடி ஒன்றே 85 கிலோ. ஆகவே நான்கு பேர், கையுறைகள், கண்ணாடியைப் பிடிக்கும் வேக்குவம் கப்புகள் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஒருமுறை ஒட்டாமல் தூக்கி வைத்து ஒத்திகை பாருங்கள். யார் எந்த மூலை என்பது அப்போதே முடிவாக வேண்டும், சிலிக்கான் வைத்தபின் விவாதிக்க நேரமில்லை. கணக்குப்படி இணைப்புகளுக்கு இரண்டு டியூப் போதும். பிதுங்கி வழிவதையும் உள்மூலைப் பூச்சையும் சேர்த்தால் ஆறேழு ஆகும். நடுவில் தீர்ந்துபோனால் பிழைப்பு கெட்டது, காய்ந்த சிலிக்கானின் மேல் புதியது சரியாக ஒட்டாது. பின்னால் கசிவு வந்தால் மேலே ஒரு கோடு பூசிச் சமாளிக்க முடியாததும் இதனால்தான். கடைசியாக, மேல்விளிம்பின் உள்பக்கம் நான்கு புறமும் 10 செ.மீ. அகலக் கண்ணாடிப் பட்டைகளைப் படுக்கையாக ஒட்டிவிடுங்கள். நீண்ட கண்ணாடி நடுவில் பிதுங்குவதை அவைதான் பிடித்து நிறுத்தும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்நோக்கிக் காயும், நாளைக்கு 2, 3 மி.மீ., உள்ளே போகப்போக இன்னும் மெதுவாக. 19 மி.மீ. அகல இணைப்பின் நடுப்பகுதி காய ஒரு வாரம் குறைவு, இரண்டு வாரம் விடுங்கள். பிறகு கால்பங்கு தண்ணீர், ஒரு நாள் இடைவெளி, அடுத்த கால்பங்கு என்று நிரப்புங்கள். முழுதும் நிரம்பியபின் ஒரு வாரம் சும்மா நிற்கட்டும். இணைப்புகளின் கீழே உலர்ந்த காகிதத்தை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவையும் அது காட்டிக்கொடுக்கும். சோதனைக்கு ஊற்றிய தண்ணீரை எங்கே வெளியேற்றப் போகிறீர்கள் என்பதை ஊற்றும் முன்பே யோசித்து வையுங்கள். 1,800 லிட்டரை யாரும் வாளியில் சுமப்பதில்லை.

பெரிய தொட்டிகளில் தரை நனைவது பெரும்பாலும் கண்ணாடி உடைந்து அல்ல, குழாய்க் கணக்கு தப்பி. தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து வழியும் தண்ணீர் கீழேயுள்ள சம்ப் தொட்டிக்கு வந்து, அங்கே வடிகட்டப்பட்டு, பம்ப் வழியாக மேலே போகும். மின்சாரம் நின்றால் பம்ப் நிற்கும், ஆனால் மேலிருந்து இறங்குவது கொஞ்ச நேரம் தொடரும். இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 24 லிட்டர். வழிவாயின் விளிம்புவரை 2, 3 செ.மீ. இறங்கும் என்று வைத்தால் 70 லிட்டர்வரை. மேலே வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் அதுவே சைஃபனாகி 240 லிட்டரைத் திருப்பி உறிஞ்சிவிடும். 'அதற்குத்தான் ஒருவழி வால்வு போட்டிருக்கிறேனே' என்று நானும் நம்பியிருந்தேன். அந்த வால்வின் மூடியில் ஒரு செடித் தண்டு சிக்கிக்கொண்டது, விடியற்காலையில் கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர். வால்வை நம்பாதீர்கள். குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அப்படி இறங்குவது முழுவதையும் வாங்கிக்கொள்ளும் வெற்றிடம் சம்பில் எப்போதும் இருக்கட்டும். கட்டி முடித்ததும் பம்பை வேண்டுமென்றே பத்துத் தடவை நிறுத்திப் பாருங்கள்.

இறங்கும் பக்கத்தில் ஒரே குழாயை நம்புவதும் தவறு. மீன்தொட்டிக்காரர்கள் 'பீன்அனிமல்' என்று சொல்லும் மூன்று குழாய் அமைப்பு எனக்குப் பிடித்தது. முதல் குழாய் முழுவதும் தண்ணீர் நிறைந்து சைஃபனாக ஓடும், வால்வால் அதைச் சரிக்கட்டுவோம். இரண்டாவதில் மிச்சம் மெல்லியதாக வழியும். மூன்றாவது வழக்கமாக வறண்டே கிடக்கும், மற்றவை அடைத்தால் மட்டும் அதற்கு வேலை. கடகட சத்தம் இல்லாமல் இருப்பது கூடுதல் லாபம், வரவேற்பறையில் அது சின்ன விஷயமல்ல. மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு சம்ப் வழியாக ஓடினால் போதும். மணிக்கு இத்தனை லிட்டர் என்று பம்பின் பெட்டியில் போட்டிருக்கும் எண், தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைப்பது. ஒன்றரை மீட்டர் ஏற்றத்தில் எவ்வளவு தரும் என்பதை அதன் வரைகோட்டில் பாருங்கள்.

மின்சார விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், வழியும் சொட்டு அங்கேயே விழுந்துவிடும். ஹீட்டர் தேவைப்பட்டால் ஒரு பெரியதற்குப் பதிலாக இரண்டு சின்னவை வாங்குங்கள். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டால் மீன்கள் வேகாது, ஒன்று செத்தால் விறைக்காது. மின்வெட்டில் காற்றுப் பம்பையாவது ஓட்ட ஒரு பேட்டரி இருக்கட்டும்.

2.4 சதுர மீட்டர் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளைக்குப் பத்து லிட்டர் ஆவியாவது சாதாரணம். அது அறையின் சுவர்களுக்குத்தான் போகும், பெயிண்ட் உரியும், அலமாரி பூஞ்சணம் பிடிக்கும். மேலே மூடியும், அறையில் காற்றோட்டமும் வேண்டும். இதையே வெயில் காலத்தில் நமக்காகவும் திருப்பலாம். ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன விசிறி பல சமயம் குளிர்விப்பானின் வேலையைச் செய்துவிடும்.

தண்ணீர் மாற்றுவதற்கு இப்போதே குழாய் போட்டுவையுங்கள். நாளைக்கு 100 லிட்டர் புதுத் தண்ணீர் துளித்துளியாக விழ, அதே அளவு சம்பிலிருந்து வடிகாலுக்கு வழிந்தால் வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மாறியிருக்கும். ஒரே தடவையில் 700 லிட்டரை மாற்றுவதைவிடக் கொஞ்சம் குறைவுதான், புதியதும் கொஞ்சம் வழிந்துபோகிறதே. ஆனால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படிப் போகாது. கார்பன் வடிகட்டி வழியாக விடுவது நல்லது.

மீன் விடுவதற்கு அவசரம் வேண்டாம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமலே அவற்றுக்கு இரை கொடுக்கலாம்: வாசனையும் சோப்பும் கலக்காத 10 சதவீத அம்மோனியாக் கரைசலைச் சுமார் 35 மி.லி. விட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். அந்த அம்மோனியா ஒரே நாளில், நைட்ரைட்டும் மிச்சமில்லாமல், நைட்ரேட்டாக மாறும் கட்டம் வந்தபின் மீன் வாங்கப் போகலாம்.

எந்த மீன்? பெரிய தொட்டி என்றதும் செவ்வால் கெளுத்தியும் பங்காசியஸும் ஆசை காட்டும். இரண்டும் வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும், ஒரு மீட்டர் அகலத்தில் அவற்றால் திரும்பவே முடியாது. என்னைக் கேட்டால் கார்டினல் டெட்ரா என்னும் சின்னஞ்சிறு மீன்கள், இருநூறு முந்நூறு. சிறிய தொட்டியில் சிதறி நிற்கும் அதே மீன்கள் எட்டடியில் ஒரே கூட்டமாகத் திரும்புவதைப் பார்ப்பது வேறு அனுபவம். ஒருவேளை நீங்கள் நான்கடி உயரம் கேட்டது ஏஞ்சல் மீனுக்காக இருக்கலாம், உயரம் தேவைப்படும் மீன் என்று அதைத்தான் சொல்வார்கள். அந்த இனத்தில் மிக உயரமான ஆல்டம் ஏஞ்சலுக்குக்கூட மேல்துடுப்பின் நுனியிலிருந்து கீழ்த்துடுப்பின் நுனிவரை ஓரடியும் கொஞ்சமும்தான். 75 செ.மீ. தண்ணீரில் அது தாராளமாக நீந்தும்.